லோகநாதன் சாகாத விபத்து

சுபிக்ஷாவின் வலது கண்ணைப் பறித்த விபத்து நடக்கவே இல்லை. சட்டத்தின் கணக்கில் மட்டும் அது நடந்து முடிந்திருந்தது. இப்படியொரு விபத்தில் அடிபட்டவளுக்கு என்னதான் வழி இருக்கிறது என்று கேட்டு வருவதற்காக, புருஷன் நவநீதனின் தோளைப் பிடித்துக்கொண்டு வக்கீல் பெனிட்டாவின் அலுவலகப் படிகளில் ஏறினாள்.

ஆயுத பூஜையன்று சாயங்காலம் ஆவாரம்பாளையம் ரோட்டில் வண்டி ஓட்டுவது தனிக் கலை. இரண்டு பக்கமும் லேத் பட்டறைகள், ஒவ்வொரு வாசலிலும் வாழைக்கன்று. மெஷினுக்குச் சந்தனம் பூசி, பொரிகடலை படைத்து முடித்ததும் பட்டறைக்காரர் பூசணிக்காயைக் குடைந்து குங்குமத்தைக் கொட்டி, மேலே சூடத்தை ஏற்றிக்கொண்டு நேரே நடுரோட்டுக்கு வந்துவிடுவார். வருகிற வண்டி நிற்காது. கொஞ்சம் ஊர்ந்து கொடுக்கும். அவர் சுற்றி உடைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொள்வார். வண்டியும் போய்விடும், திருஷ்டியும் கழிந்துவிடும். யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு இது. வண்டிகள் பெட்ரோலை மறந்து, தாமாகவே யோசிக்கவும் ஆரம்பித்துவிட்ட பிறகும் அந்த ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

சுபிக்ஷா ஒரு சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிறவள். சாயத் தொட்டியிலிருந்து வெளியே வருகிற துணி, ஆர்டர் கொடுத்தவன் கேட்ட நிறத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மெஷின்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் கடைசி வார்த்தை அவள் கண்ணுடையது. அன்றைக்குப் பட்டறைப் பூஜையை முடித்துவிட்டு, பொரிப் பொட்டலத்தைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு லேத் பட்டறை வாசலிலிருந்து, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் பூசணிக்காயோடு ரோட்டில் இறங்கினார். அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். ‘நீ வா, நான் உடைச்சுட்டு நகந்துக்கறேன்’ என்று அதற்குப் பொருள். அவள் பிரேக்கில் காலை வைத்து வண்டியை ஊரவிட்டாள். அவர் காயைச் சுற்றினார், ஓங்கினார், குனிந்தார்.

அந்த நொடியில் ஸ்டீயரிங்குக்குள்ளிருந்த ஏர்பேக் வெடித்தது. வண்டி தானாகவே சடக்கென்று நின்றது. சத்தத்தில் மிரண்டுபோன அந்த மனிதர் அங்கேயே ரோட்டில் விழுந்து உட்கார்ந்துவிட்டார். பூசணிக்காய் அவர் கையிலிருந்து நழுவித் தானாக உடைந்தது. அவர்மேல் ஒரு கீறல்கூட இல்லை. சுபிக்ஷாவின் வலது கண்ணுக்குள் மட்டும், நகக்கண் அளவு இரும்புத் தகடு ஒன்று போய்த் தைத்திருந்தது.

வக்கீல் பெனிட்டாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வாகன வழக்குகளை மட்டுமே எடுப்பவர். நல்ல சேதியானாலும் கெட்ட சேதியானாலும் ஒரே குரலில் சொல்கிறவர் என்று பெயர்.

“உங்க வண்டில இருக்கறது முன்காப்பு ஏர்பேக்” என்றார். “அந்தக் காலத்து ஏர்பேக் மோதுனதுக்கப்புறம் வெடிக்கும். இது மோதப்போகுதுன்னு கணக்குப் போட்டு, முன்னாடியே வெடிக்கும். பிரேக்கையும் வண்டியே போட்டுக்கும். இது வந்ததுல இருந்து ரோட்டுல சாவு குறைஞ்சிருக்கு, அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

“ஆனா நான் மோதலியே மேடம்” என்றாள் சுபிக்ஷா.

“அதுதான் சிக்கல். நீங்க மோதலைங்கறதுதான் அது ஒழுங்கா வேலை செஞ்சதுக்கு அத்தாட்சின்னு கம்பெனிக்காரன் சொல்வான்.”

நவநீதன் கொஞ்சம் யோசித்தான். “அப்ப மோதியிருந்தா?”

“மோதியிருந்தா, தடுக்கத் தவறிருச்சுன்னு கேஸ் போட்டிருக்கலாம்.”

நவநீதன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தப்பான கணக்கைப் பார்த்தால் எழுந்து நின்று திருத்துகிற கை அவனுடையது. இந்தக் கணக்கில் எந்த வரியைத் திருத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“கண்ணுல இருந்து எடுத்த தகடு இருக்குதுங்களே” என்றாள் சுபிக்ஷா. “பைக்குள்ள காத்தடிக்கற டப்பாவே ஒடஞ்சு சிதறியிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. காத்துதான வரோணும், இரும்பு எதுக்கு வருது?”

“அது தயாரிப்புக் குறைதான். கண்ணை மூடிட்டுச் சொல்வேன்” என்ற பெனிட்டா, சொன்னதற்கு வருந்தியவர்போல் ஒரு கணம் நிறுத்தினார். “ஆனா உயிர் காத்த சாதனத்துமேல வழக்குப் போடக்கூடாதுன்னு ஒரு சட்டம் கொண்டு வந்துட்டாங்க. ஒரு சாவைத் தடுக்கற நேரத்துல அந்தச் சாதனத்தால யாருக்கு என்ன ஆனாலும், அது காயம் இல்ல. அந்த உயிருக்கான விலை. அப்படித்தான் எழுதியிருக்கு.”

“எந்தச் சாவைத் தடுத்துச்சு?”

“லோகநாதன்னு ஒருத்தர். அந்தப் பூசணிக்காய்க்காரர்.”

சுபிக்ஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டுக்கு அடியில் கண் இருந்த இடம் சுரீரென்று வலித்ததும் நின்றது. “அவரு நகந்துருப்பாருங்க மேடம். எல்லாரும் நகருவாங்க. என்னைப் பாத்துத் தலைய ஆட்டுனாரு.”

“எனக்குத் தெரியுது, நானும் இந்த ஊர்க்காரிதான். வண்டிக்குத் தெரியலையே. அதுக்குப் பூசணிக்காயும் தெரியாது, ஆயுத பூஜையும் தெரியாது. ஒரு ஆள் ரோட்டுல எறங்கறாரு, முன்னாடி சாயறாரு, நீங்க முழுசா பிரேக் போடல. இது மட்டும்தான் தெரியும். அது போட்ட கணக்கு பொய்யின்னு நிரூபிக்கிற பாரம் உங்க தலைமேலதான்.”

பிறகு இருக்கிற வழிகளைச் சொன்னார். வண்டியின் கணிப்பே தப்பு என்று வாதாடலாம். கம்பெனி நிபுணர்களைக் கொண்டுவந்து இறக்கும். தீர்ப்பு வருவதற்குள் வழக்குப் போட்டவர்களுக்குப் பேரன் பேத்தி வந்துவிடும். இன்னொன்று, லோகநாதனே தீர்ப்பாயத்துக்கு வந்து ‘நான் இந்த அம்மாவைப் பார்த்தேன், தலையாட்டினேன், விலகியிருப்பேன்’ என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் காப்பாற்றப்பட்ட உயிர் என்று ஒன்று இல்லை. உயிர் இல்லையென்றால் அந்தச் சட்டமும் இல்லை. அப்புறம் அந்தத் தகட்டுக்குக் கம்பெனி பதில் சொல்லித்தான் தீர வேண்டும்.

“அவர் வரலைன்னா?” என்றான் நவநீதன்.

“வரலைன்னா ஒப்புதல்தான். நான் அந்த ஆளை அடிச்சுக் கொன்னிருப்பேன்னு நீங்க ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா பரிவு அடிப்படையில கம்பெனியே அவங்க ஆஸ்பத்திரில கண்ணைப் பாத்துக்கும்.”

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று சுபிக்ஷா நினைத்தாள். அந்தத் தொட்டிலை எட்டி உதைக்கத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் டாக்டர் சொன்ன இன்னொரு விஷயம் இருந்தது. ஒரு கண் இப்படிச் சிதைந்துபோனால், சில பேருக்கு மற்ற கண்ணும் தானாகவே வீங்கி மங்கத் தொடங்குமாம். உடம்பே தன் கண்ணை எதிரியாக நினைத்துக்கொள்ளுமாம். அவளுடைய இடது கண்ணில் அது ஆரம்பித்துவிட்டது. விழித்திரையைப் புதிதாக வளர்த்துப் பொருத்தும் வைத்தியம் அந்தக் கம்பெனியின் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே இருவரும் லோகநாதன் வீட்டுக்குப் போனார்கள். பட்டறைக்குப் பின்பக்கமே வீடு. லோகநாதன் மொட்டையடித்திருந்தார். மறுபிறவி கிடைத்ததற்குப் பழனிக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்த மொட்டை. அவர் மனைவி கோமதி, சுபிக்ஷாவின் கட்டைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“எங்கூட்டுக்காரருக்கு வந்த திருஷ்டிய நீங்க வாங்கிட்டீங்களே அம்மிணி” என்று சொல்லி அழுதாள். அதில் நடிப்பு துளியும் இல்லை. உள்ளே போய்க் காபி கொண்டுவந்து, நவநீதன் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை ஆற்றி சுபிக்ஷாவின் கையில் வைத்து, அவள் விரல்களைத் தன் விரல்களால் மூடினாள்.

சுபிக்ஷா நேராக விஷயத்துக்கு வந்தாள். “லோகண்ணா, நீங்க அன்னிக்கு என்னையப் பாத்தீங்கல்லங்ணா?”

லோகநாதன் தரையைப் பார்த்தார். நல்ல மனிதர். முகத்தைப் பார்த்தாலே தெரியும். அதுதான் பிறகு அவளை அதிகம் வருத்தியது.

“பாத்தேன்னுதானுங்க அம்மிணி நானும் நெனச்சிட்டிருந்தேன்” என்றார். “கம்பெனிக்காரங்க பட்டறைக்கு வந்த மொத நாளு அவங்ககிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன். அப்புறம் அவங்க அந்தப் படத்தப் போட்டுக் காமிச்சாங்க.”

“என்ன படமுங்க?” என்றான் நவநீதன்.

“ஏர்பேக்கு வெடிக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு. உங்க வண்டியே கணக்குப் போட்டு எடுத்த படமாமுங்க. நம்ம ரோடு, நம்ம பட்டறை, நான் கட்டியிருந்த அதே வேட்டி. நான் குனியறேன், உங்க வண்டி வருது, என்ர தலைமேல ஏறுது.” அவர் கை தானாக மொட்டைத் தலையைத் தடவியது. “நல்லாப் பாத்துக்கங்கன்னு திரும்பத் திரும்பப் போட்டாங்க. இவளும் பாத்தா. அதுலருந்து ராத்திரி கண்ண மூடுனா அதுதான் வருதுங்க. தலையாட்டுனது வர மாட்டேங்குது.”

“ஆட்டுனீங்கண்ணா. இந்தக் கண்ணாலதான் நான் பாத்தேன்.”

“ஆட்டியிருப்பனுங்க அம்மிணி. நீங்க பொய் சொல்ற ஆளாத் தெரியில. ஆனா கோர்ட்டுல சத்தியம் பண்ணோணும்னா, எனக்கு எது தெரியுதோ அதத்தான சொல்ல முடியும்? எனக்குத் தெரியறது நான் செத்துப்போனதுதானுங்க.”

கிளம்பும்போது லோகநாதன் வாசல்வரை வந்தார். தயங்கினார். பிறகு, பெரிய பாரத்தை இறக்கி வைக்கிறவர்போல், “நான் உங்களை மன்னிச்சுட்டேனுங்க அம்மிணி. மனசுல ஒண்ணும் வெச்சுக்க வேண்டாம்” என்றார்.

அவள் செய்யாத ஒன்றுக்கு, ஒரு காயமும் படாத ஒரு மனிதர், உண்மையான அன்போடு அவளை மன்னித்தார். சுபிக்ஷாவுக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது? வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் டாஷ்போர்டை ஒரு குத்து குத்தினாள். நவநீதன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மறுபடியும் வெடித்துத் தொலைக்கப் போகிறதே என்று அவனுக்குப் பயம்.

வழக்குப் போடுவதாகவே அவள் முடிவு செய்தாள். பெனிட்டாவும் வேலையைத் தொடங்கினார். ஆனால் முதல் விசாரணைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். வழக்குப் போடுகிறவர், மறுக்கப்போகும் விபத்தை முதலில் பார்த்தாக வேண்டும் என்பது விதி. பார்க்காமல் எப்படி மறுப்பது என்று அவர்கள் கேட்டதில் தப்பு சொல்ல முடியாது.

பரிவு அதிகாரி என்ற பதவியில் அபிநவ் என்றொருவர் இருந்தார். தண்ணீர் கொடுத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், ‘உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம்’ என்றார். பிறகு படத்தைப் போட்டார்.

ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த சுபிக்ஷா, தன்னை அறியாமல் வலது காலால் தரையை அழுத்தினாள். இல்லாத பிரேக். அவ்வளவு நிஜமாக இருந்தது. அவள் கை ஸ்டீயரிங்கில், பொரிப் பொட்டலம் பக்கத்து சீட்டில். லோகநாதன் ரோட்டில் இறங்குகிறார், முன்னால் சாய்கிறார், வண்டி ஏறுகிறது. ரோடெல்லாம் சிவப்பு.

“பூசணிக்கா எங்க?” என்று கேட்டாள்.

“மேடம்?”

“அவரு கைல பூசணிக்கா இருந்துச்சு. படத்துல இல்ல.”

அபிநவ் பின்னால் ஓட்டிப் பார்த்தார். லோகநாதனின் கைகளுக்கு நடுவில் மங்கலாக ஏதோ ஒன்று தெரிந்தது. அது என்னவென்று தெரியாததால் வண்டி அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டிருக்க வேண்டும் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இவர்கள் அந்தச் சிரமம்கூடப் படவில்லை.

“இன்னொண்ணு” என்றாள். “அது ரத்தச் சிவப்பு இல்ல. குங்குமச் சிவப்பு. ரத்தம் காஞ்சா பழுப்புல எறங்கும், இது ரோஸ்ல எறங்குது. ரோட்டுல கெடந்த குங்குமத்த எடுத்து ரத்தம்னு பூசியிருக்கு உங்க வண்டி. எம் பொழப்பே இதுதாங்க, எனக்குத் தெரியும்.”

அபிநவ் முகம் மாறாமல் குறித்துக்கொண்டார். நவநீதனிடம் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது, விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் குரலில் தெம்பு இருந்தது. அந்த நிறம்தான் இனி அவள் பிடி. யார் எத்தனை தடவை போட்டுக் காட்டினாலும், அந்தச் சிவப்பைப் பார்த்தால் போதும், இது பொய் என்று தெரிந்துகொள்வாள். பெனிட்டாகூட, “இது நல்ல பாயிண்ட்” என்றார். அவர் அப்படிச் சொல்வது அபூர்வம்.

நிறத்தைப் பிடித்துக்கொண்டவளுக்கு நிறமே போக ஆரம்பித்தது.

முதலில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாயின. பட்டறையில் அவள் சரியென்று சொல்லி அனுப்பிய ஒரு லோடு முழுவதும் திரும்பி வந்தது. கேட்டது இளநீலம், போனது சாம்பல். முதலாளி திட்டவில்லை. வேறொரு பெண்ணை அவள் மேஜைக்கு எதிரே உட்காரவைத்து, ‘ரெண்டு பேருமாப் பாருங்க’ என்றார். அவ்வளவு மரியாதையாக வேலையிலிருந்து எடுக்க முடியும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. கொஞ்ச நாளில் நவநீதன் போட்டிருக்கும் சட்டையின் நிறத்தை அவனிடமே கேட்க வேண்டியிருந்தது. அப்புறம், எதிரே நிற்பது நவநீதன்தானா என்று கேட்க வேண்டியிருந்தது.

அவன் கேட்டான், கேட்கக் கூடாது என்று பல நாள் நினைத்திருந்ததை. “கையெழுத்துப் போட்டுரலாமா சுபி?”

“நான் கொலைகாரியா?”

“உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும் இல்லைன்னு. போதாதா?”

“லோகண்ணனுக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு” என்றாள்.

அவன் அழுகிறான் என்பது அவளுக்குச் சத்தத்தில்தான் தெரிந்தது. முகம் தெரியவில்லை. அன்றைக்கே பெனிட்டாவுக்குப் போன் செய்து ஒப்புதலுக்குச் சம்மதம் சொன்னாள். கண்ணை வைத்துக்கொண்டு உண்மையை விடுவதா, உண்மையை வைத்துக்கொண்டு கண்ணை விடுவதா என்று வந்தபோது, புருஷனின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டாள். அதில் அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் கிடையாது.

‘சரி’ என்றார் பெனிட்டா. நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் அவருக்கு இருந்த அதே குரல், அன்று கொஞ்சம் கம்மியிருந்தது.

வைத்தியம் பல மாதம் நடந்தது. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் ஒப்புதலைப் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிப்பதற்கு முன் படத்தைப் பார்க்க வேண்டும். தெரிந்துதான் ஒத்துக்கொள்கிறாள் என்பதற்கு அது அத்தாட்சியாம். பார்வை இல்லாத மாதங்களில் சத்தத்தை மட்டும் கேட்டாள். டயரின் கிறீச்சொலி, ஒரு முனகல், பட்டறைக்காரர்களின் கூச்சல். கண் வளர வளர, படமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது. கண் பரிசோதனைக்குத் தனியாக எழுத்துப் பலகை எதற்கு என்று அவர்கள் இதையே வைத்துக்கொண்டார்கள். அவளுக்கு அலைச்சல் மிச்சமாகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ‘இப்ப என்ன தெரியுது, சொல்லுங்க’ என்று டாக்டர் கேட்பார். அவள் சொல்வாள். ‘ரோடு தெரியுது. அவரு எறங்கறாரு. சாயறாரு.’ சரியாகச் சொன்னால் டாக்டர் தட்டிக்கொடுப்பார்.

இப்படியாக அந்தப் புதுக் கண்ணால் அவள் முதன்முதலில் முழுசாகப் பார்த்தது லோகநாதனின் சாவைத்தான். நவநீதனின் முகம் அதற்கு அடுத்தது.

கண் திரும்பியது. கண்ணோடு திரும்பி வராதவையும் இருந்தன. வண்டி ஓட்டும் உரிமை போயிற்று. எந்த வாடகை வண்டியில் ஏறினாலும், அவள் பெயரைப் படித்த வண்டி முன் சீட்டைப் பூட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அவள் வீட்டு வாசலில் விளையாட விடுவதில்லை. கேட்டால், வெயிலாக இருக்கிறது என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரு நாள் கடைவீதியில் லோகநாதனைப் பார்த்தாள். முடி வளர்ந்திருந்தது. அவரைக் கண்டதும் அவள் கைகள் தாமாகக் குவிந்தன. “என்னை மன்னிச்சிருங்கண்ணா” என்றாள். சொல்லிவிட்டு வெகுதூரம் நடந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அப்போதும் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

மறு ஆயுத பூஜை வந்தது. சாயங்காலம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவளுக்கு, தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பட்டாசு என்றுதான் நினைத்தாள். ஆம்புலன்ஸ் சத்தங்கள் வர ஆரம்பித்த பிறகு, எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பெனிட்டா நேரிலேயே வந்தார். கூடவே ஒரு பெரியவர். பூபதி என்று பெயர், பால் வண்டி ஓட்டுகிறவர். அறுபதை நெருங்கிய வயது, முகத்தில் ஒரு பக்கம் தோல் உரிந்து பளபளப்பாக இருந்தது. பூஜையன்று ஏர்பேக் வெடித்ததில் இரண்டு காதும் கேட்காமல் போய்விட்டன. பேசுகிறவர்களின் உதட்டை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“போன வருஷம் வரைக்கும் பூசணிக்காய் உடைக்கறவங்களப் பாத்தா, எப்பவாவது ஒரு வண்டிதான் தப்பாக் கணக்குப் போட்டுட்டு இருந்துச்சு” என்றார் பெனிட்டா. “இந்த வருஷம் எல்லா வண்டியும் போட்டுச்சு.”

“ஏன் மேடம்?”

“வண்டிங்க பாடம் படிக்குது சுபிக்ஷா. ஒரு கணிப்பு சரிதான்னு சம்பந்தப்பட்டவரே ஒத்துக்கிட்டா, அது எல்லா வண்டிக்கும் பாடமாப் போயிரும். ரோட்டுல எறங்கி முன்னாடி சாயறவர் விலகவே மாட்டாருங்கறதுதான் அந்தப் பாடம். அதுக்கு ஒப்புதல் குடுத்தவங்க நீங்க.”

சுபிக்ஷா பூபதியின் உரிந்த கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதுக் கண் எவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறது. ஒவ்வொரு தழும்பின் நிறமும் தனித்தனியாகத் தெரிந்தது.

“நான் என்ன பண்ணோணும்?” என்றாள்.

“ஒப்புதல் போட்டவங்க அதை மாத்திச் சொல்லலாம். சட்டத்துல இடம் இருக்கு, இதுவரைக்கும் யாரும் பண்ணல. குடுத்த வைத்தியத்தை அவங்களால திரும்ப எடுத்துக்க முடியாது, அதுக்கு நான் பொறுப்பு. நீங்க தீர்ப்பாயத்துல வந்து, அன்னிக்கு அவர் என்னைப் பாத்துத் தலையாட்டுனாரு, விலகியிருப்பாருன்னு சொன்னாப் போதும். பாடம் கலைஞ்சிரும். இவர் கேஸும் நிக்கும், உங்க கெட்ட பேரும் போயிரும்.”

ஒரு வருஷமாக யாரும் திறக்காத கதவு. “வர்றேன் மேடம். சொல்றேன்” என்றாள் உடனே.

“நல்லது. தீர்ப்பாயத்துல அளந்து பாத்துத்தான் எடுத்துக்குவாங்க. ஞாபகத்துல இருந்து சொல்றீங்களா, சொல்லிக்குடுத்ததச் சொல்றீங்களான்னு அவங்க மெஷினுக்குத் தெரியும். அதனால எங்கிட்ட ஒருக்கா சொல்லுங்க. அவர் எப்படிப் பாத்தாரு?”

சுபிக்ஷா கண்ணை மூடினாள். ஆவாரம்பாளையம் ரோடு வந்தது. வாழைக்கன்றுகள் வந்தன. பக்கத்து சீட்டில் பொரிப் பொட்டலம். லோகநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினார். இங்கேதான் அவர் திரும்ப வேண்டும். அவள் காத்திருந்தாள். அவர் திரும்பவில்லை. முன்னால் சாய்ந்தார். மறுபடியும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். இறங்கினார், சாய்ந்தார். அவர் கையில் பூசணிக்காயைத் தேடினாள். கைகள் வெறுமையாக இருந்தன. கடைசியாக அந்த நிறத்தைத் தேடிப் போனாள், அவளுடைய ஒரே பிடியை. ரோடெல்லாம் சிவப்பாக இருந்தது. ஓரத்தில் பழுப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத ரத்தச் சிவப்பு.

அவளுடைய குறிப்பை அபிநவ் வீணாக்கவில்லை. படத்தில் நிறத்தைத் திருத்தியிருந்தார்கள்.

கண்ணைத் திறந்தாள். பூபதி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். அவருக்கு எதுவும் கேட்காது. அதனால் அவள் உதட்டைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். பிறகு, ‘பாத்தாருதான அம்மிணி?’ என்று கேட்பதுபோல், தன் தலையை லேசாக ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினார்.

சுபிக்ஷாவின் தலை இடமும் வலமுமாக அசைந்தது. இல்லை.

அது பொய்யாக இருந்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.